பொங்கியம்மாள் ரெக்கார்டிங்கும் பாதியில் நின்ற கிடாரும்

எட்வின் செல்வராஜின் ரசிகர்களுக்கு இப்போது கைப்பேசியில் ஒரு குழு இருக்கிறது. சென்ற மாதம் என்னையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். சேலத்தில் கேசட் பதிவுக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எது எந்த வருடம் வந்தது என்று கேட்டால் சொல்லக்கூடியவன் என்று யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். எட்வினின் பிற்கால ஆல்பங்களில் எதைக் கேட்பது, எதை விடுவது, தொகுப்புகளில் எது தேறும் என்று ஒரு வழிகாட்டி எழுதித் தரச் சொன்னார்கள்.

எழுத உட்கார்ந்தேன். அதற்குள் குழுவில் ஓர் இளைஞர் 'கொண்டை ஊசி' என்ற இசையைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றைப் போட்டுவிட்டார். அந்த இசை மேலே ஏறி ஏறிப் போய், உச்சியைத் தொடும் முன்பே சட்டென்று நின்றுவிடுகிறதல்லவா? அது நவீன மனிதனின் முற்றுப்பெறாத பயணமாம். நின்ற கணத்தில் ஒரு மெல்லிய மூச்சு கேட்கிறதல்லவா? அது கலைஞனின் பெருமூச்சாம். கட்டுரைக்குக் கீழே கைதட்டும் பொம்மைகள் வரிசையாக நின்றன. ஒருவர் கண்ணீர் விடும் பொம்மை போட்டிருந்தார்.

அந்த மூச்சு யாருடையது என்று எனக்குத் தெரியும். குமாரபாளையத்தில் துண்டும் லுங்கியும் நெய்து விற்றுக்கொண்டிருந்த ஒருவருடையது. ஆகவே வழிகாட்டியோடு அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். கைதட்டும் பொம்மைகளை எதிர்பார்க்கவில்லை.

எட்வினைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சேலம் ஜங்ஷன் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். அறுபதுகளில் சென்னைக்குப் போய், ஒரு பெரிய ஓட்டலில் மாலை நேர இசைக்குழுவில் எலெக்ட்ரிக் கிடார் வாசித்தார். ராக் என்று ஓர் இசை இருப்பதே நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாத நாளில் தோள்வரை முடி வளர்த்து, இரண்டு இசைத்தட்டுகளும் போட்டார். அந்த இரண்டைப் பற்றி ஊரே எழுதிவிட்டது. என் பொறுப்பு பிற்காலம். பிற்காலம் என்பதை முடி கொட்டத் தொடங்கியதிலிருந்து என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் 'மலைச்சாலை', 1975. முழுக்க அவருடைய சொந்த மெட்டுகள். சின்னத் தட்டு, பக்கத்துக்கு ஏழு நிமிடம்தான் பிடிக்கும். இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே இசைதான், அதுதான் 'கொண்டை ஊசி'. ஏற்காட்டுப் பாதையை மனத்தில் வைத்துச் செய்தது. ஒவ்வொரு வளைவுக்கும் கிடார் ஒரு சுற்று சுற்றி மேலே ஏறும். கடைசி வளைவில் ஒரே கம்பியில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு டிரம்ஸ் உள்ளே வர, உச்சியைத் தொட்டு, மறுபக்கம் இறங்கத் தொடங்கும். ஏறுவதை எவனும் வாசித்துவிடுவான், இறக்கத்தில்தான் கை தெரியும் என்பது எட்வினின் கட்சி. தட்டு விற்கவில்லை. சேலத்தில் ஒரு ரேடியோ கடைக்காரர், தூசு தட்டும் வேலை மிச்சம் என்று பாதி விலைக்கு எனக்குக் கொடுத்தார்.

சொந்த மெட்டு விற்கவில்லை என்றதும் கம்பெனிக்கு ஞானம் வந்தது. 'தேன் தந்திகள்', சினிமாப் பாட்டுகளின் மெட்டுகளைக் கிடாரில் வாசித்தது. பல் மருத்துவமனையில் காத்திருக்கும் அறையில் போடுவதற்கு ஏற்றது. அட்டையில் 1976 என்று இருக்கும், நம்பாதீர்கள். அதில் உள்ள ஒரு பாட்டின் படமே 1977இல்தான் வெளிவந்தது. அடுத்தது 'கிடாரில் தீபாராதனை'. ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர் வாசித்தது என்பதால் கம்பெனிக்கு ஒரு கூச்சம். அட்டையில் 'கிடார் செல்வம்' என்று போட்டுப் பட்டை அடித்த ஒருவரின் படத்தையும் வரைந்துவிட்டார்கள். அதன் பிறகு 'டிஸ்கோ எட்வின்'. அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கிடாரைத் துடைப்பம் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டிருப்பாள். உள்ளே இருப்பதும் ஏறக்குறைய அப்படித்தான்.

தொகுப்புகள் மூன்று: 'எட்வின் ஹிட்ஸ்', 'எட்வின் சூப்பர் ஹிட்ஸ்', 'எட்வின் கோல்டன் ஹிட்ஸ்'. மூன்றிலும் அதே பன்னிரண்டு பாட்டுகள்தான். வரிசையை மாற்றுவதற்கு ஒருவருக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் 'கோல்டன் ஹிட்ஸ்'இல் மட்டும் பதின்மூன்றாவதாக 'கொண்டை ஊசி' இருக்கும், பாதியில் நிற்கும், அந்த மூச்சோடு. அது எப்படி வந்தது என்பதற்கு நான் வேலை பார்த்த கடைக்குள் போயாக வேண்டும்.

நான் ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிசம் படித்து, இரண்டு கடைகளில் பற்றவைக்கும் கம்பியால் விரலைச் சுட்டுக்கொண்டு, 1978இல் பொங்கியம்மாள் ரெக்கார்டிங்கில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். இன்று பழைய பேருந்து நிலையம் என்கிற இடத்துக்குப் பின்தெருவில் இருந்தது கடை. கண்ணாடிக் கதவு, சுவர் நிறைய இசைத்தட்டுகள், உள்ளே நானும் இரண்டு டேப் டெக்கும். முதலாளி செங்கோட்டுவேல். குமாரபாளையத்தில் தறி வைத்து நெய்து, சேலத்தில் துணிக்கடை போட்டு, அதில் அலுத்து இதற்கு வந்தவர். பொங்கியம்மாள் அவருடைய அம்மா. ராக் கிடாரும் டிஸ்கோவும் அந்த அம்மாள் பெயரில்தான் ஐந்து மாவட்டத்துக்குப் போயின.

முதலாளிக்குப் பாட்டுக் கேட்கும் பழக்கம் கிடையாது. அவருக்கு டேப் என்பது துணி. துணிக்கடையில் இருந்த கெஜக்கோலை எடுத்துவந்து இங்கும் மேசைமேல் வைத்திருந்தார். கணக்குப் போடும்போது அதைக் கையில் எடுத்துக்கொள்வார். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் லாரி, பஸ் டிரைவர்கள்; துண்டுச் சீட்டில் பாட்டுகளை எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு அரை மணி. பாட்டுகளின் நீளத்தைக் கூட்டிப் பார்த்து, எந்தப் பாட்டு எந்தப் பக்கம் என்று நான் பிரிப்பேன். எப்படிப் பிரித்தாலும் பக்கத்தின் கடைசியில் கொஞ்சம் டேப் மிஞ்சும். மற்ற கடைகளில் அதை அப்படியே விட்டுவிடுவார்கள், அல்லது இன்னொரு பாட்டைத் தொடங்கி டேப் தீரும் இடத்தில் பாடகரின் கழுத்தை நெரிப்பார்கள். எங்கள் முதலாளிக்கு இரண்டும் ஆகாது.

"முழு டேப்புக்குக் காசு வாங்கீட்டு வெறும் டேப்பக் குடுத்தா அது அளவு கொறைக்கறதுங்க சாமி. பாதிப் பாட்டக் குடுத்தா அது கிழிஞ்ச துணி. ரெண்டும் நம்ம கடைல ஆகாது."

ஆகவே மிஞ்சுகிற இடத்துக்கென்று அளவாக ஒரு 'பிட்' வேண்டும் என்றார். குரல் இல்லாததாக இருக்க வேண்டும், எல்லோர் வண்டிக்கும் ஒத்துப்போக வேண்டும், முடிந்ததுபோலவும் இருக்க வேண்டும். என் 'மலைச்சாலை'யைக் கடைக்குக் கொண்டுபோனேன். 'கொண்டை ஊசி'யில் கடைசி வளைவில் கிடார் நிற்கிறதே, அந்த இடத்தில் வெட்டினேன். வெட்டிய இடத்துக்குப் பின்னால் முதலாளியே மைக்கில் பேசினார். பட்டாளத்தில் பெயர் கொடுப்பதுபோல் விறைப்பாக உட்கார்ந்து, ஒரு பெரிய மூச்சு இழுத்து, "பதிவு, பொங்கியம்மாள் ரெக்கார்டிங், சேலம். அளவு சரி" என்றார்.

அந்தக் கடைசி இரண்டு சொல் எதற்கு என்று கேட்டேன். துணிக்கடையில் பொட்டலம் கட்டிக் கொடுக்கும்போது அப்படிச் சொல்லித்தான் கொடுப்பாராம்.

மிச்சம் கொஞ்சமாக இருந்தால் பிட் ஒரு தடவை. கூடுதலாக இருந்தால் இரண்டு தடவை. பதிவு முடிந்த கேசட்டை முதலாளியிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைக் கடைசிவரை ஓட்டி, முடிவை மட்டும் போட்டுக் கேட்பார், இரண்டு பக்கமும். அவருடைய தரச்சோதனை அது. முன்னால் உள்ள பாட்டுகளில் யார் பாடினார், அழுதார் என்பது அவருக்குச் சம்பந்தமில்லாத விஷயம். இதனால் ஒன்று நடந்தது. வாழ்க்கையில் ஒரு பாட்டையும் முழுதாகக் கேட்காத அந்த மனிதர், 'கொண்டை ஊசி'யின் ஏற்றத்தை எட்வினைவிட அதிகத் தடவை கேட்டிருப்பார்.

அவர் மட்டுமில்லை. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி லாரிகள் எங்கள் கேசட்டோடு வடக்கே போய்த் திரும்பின. டவுன் பஸ்ஸில், டீக்கடையில், போர்வெல் வண்டியில் எங்கும் அதே ஏற்றம், அதே நிற்கும் இடம், அதே "அளவு சரி". வண்டி ஓட்டிக்கொண்டே டிரைவரும் கூடவே அதைச் சொல்லிவிட்டுத்தான் கேசட்டைத் திருப்பிப் போடுவார்.

கம்பெனிக்கு வருவோம். 1983இல் 'கோல்டன் ஹிட்ஸ்' போடும்போது, இந்த 'கொண்டை ஊசி'க்குச் சேலம் பக்கம் கிராக்கி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தேடினால் மூல டேப்பைக் காணோம். தங்கள் சொத்தைப் பிறர் திருடிப் பதிவு செய்கிறார்கள் என்று பத்திரிகைக்கெல்லாம் புலம்புகிற கம்பெனி, கடைத்தெருவில் எங்கள் கேசட் ஒன்றை வாங்கி, அதிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டது. முதலாளியின் பேச்சை அழித்தார்கள். மூச்சு தப்பிவிட்டது. பெருமூச்சுக் கட்டுரையின் வரலாறு இதுதான்.

மறுவருடம் எட்வின் கடைக்கு வந்தார். அப்போது அவர் சென்னையை விட்டு ஃபேர்லேண்ட்ஸில் தங்கை வீட்டோடு இருந்தார். ஆவணி மாத வெயிலில் முழுக்கைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாகப் படியேறி வந்தார்.

"பொங்கியம்மாள் யாருங்க?"

"எங்கம்மாங்க. தவறீட்டாங்க" என்றார் முதலாளி. "என்னங்க வேணும்?"

"நான் எட்வின் செல்வராஜ்."

"செரிங்க. பாட்டு எழுதிக் கொண்டாந்திருக்கீங்களா?"

உள்ளே இருந்த நான் எழுந்துவந்து, "மொதலாளி, கொண்டை ஊசி வாசிச்சவரு இவருதானுங்க" என்றேன்.

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். "அட, நீங்களா? உக்காருங்க, உக்காருங்க. எங்க கடைக்கு நீங்க பண்ணியிருக்கற உபகாரம் கொஞ்சமில்லீங்க. எந்தப் பக்கத்துல எத்தன மிச்சம் உழுந்தாலும் நீங்கதான் வந்து நெரப்பறீங்க."

"நேத்து நாமக்கல் பஸ்ஸுல கேட்டேன். அதான் வந்தேன். மீதி எங்க?"

"மீதிக்குத்தானுங்க உங்க பாட்டு."

"அதில்லைங்க. என் பாட்டோட மீதி. இழுத்துப் பிடிச்சு நிக்குதே, அதுக்கப்புறம் இன்னும் அவ்வளவு இருக்கு. அதுதான் பாட்டே. நீங்க குடுக்கிறது வெறும் ஏத்தம்."

"ஏத்தம் வரைக்கும் நல்லாத்தானுங்க இருக்குது. இதுவரைக்கும் ஒருத்தருங்கூட கொறை சொல்லுலீங்களே?"

எட்வின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விஷயத்தைச் சொன்னார். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருந்த காளியண்ணன் என்பவர், ஆயுத பூஜைக்கு வந்து வாசிக்க அவரை அழைத்திருந்தார். அதைப் பார்க்கக் கம்பெனி மேனேஜரும் சென்னையிலிருந்து வருவதாக ஏற்பாடு. ஜனங்கள் எழுந்து போகாமல் 'கொண்டை ஊசி'யை முழுதாகக் கேட்டால், எட்வினின் சொந்த மெட்டில் மறுபடியும் ஓர் ஆல்பம். எழுந்து போனால் 'சூப்பர் கோல்டன் ஹிட்ஸ்'.

"அதே பன்னெண்டு பாட்டு முதலாளி. நாலாவது தடவை. எனக்கு வயசு அம்பதைத் தாண்டியாச்சு. இதுக்கு மேல ஒருத்தன் வந்து கேக்கப்போறதில்ல."

"அதுக்கு நாங்க என்னங்க பண்ணோணும்?"

"இந்த ஒரு மாசம் கேசட் கடைசில முழுசாப் போடுங்க. காது பழகிடும்."

முதலாளி கெஜக்கோலைக் கையில் எடுத்தார். "துண்டு கேட்டு வாரவருக்கு எட்டு மொழ வேட்டியக் குடுக்கச் சொல்றீங்க. நல்ல வேட்டிதானுங்க, நான் இல்லீங்கல. பையில புடிக்கோணுமில்லீங்களா?"

எட்வின் சிரித்துவிட்டார். வேறு என்ன செய்வது. படி இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "அந்த எடத்துல வெட்டினது யாரு? நீயா?" என்றார். ஆமாம் என்றேன். "எடம் பாத்துத்தான் வெட்டியிருக்கே" என்றார். பாராட்டா வசவா என்று அன்று எனக்குப் புரியவில்லை.

மனசு கேட்காமல் ஒருவருக்கு மட்டும் செய்து பார்த்தேன். ராசிபுரத்து டிரைவர், பழைய வாடிக்கை. பாட்டுகளைக் குறைவாகச் சொல்லியிருந்தார். இடம் இருந்ததால் 'கொண்டை ஊசி'யை முழுதாகப் போட்டுக் கொடுத்தேன். நான்கு நாளில் கேசட்டோடு திரும்பி வந்தார்.

"ஏனுங்க, இது கெட்டுப்போச்சுங்க."

"என்னங்க ஆச்சு?" என்றார் முதலாளி.

"பாட்டு முடிஞ்சும் ஓடிக்கிட்டே இருக்குதுங்க. நிக்கவே மாட்டீங்குது. கிளீனர் பையன் பயந்துட்டான்."

முதலாளி கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கெட்டுப்போச்சுன்னு கஸ்டமர் சொன்னாக் கெட்டுப்போச்சு. அழிச்சுட்டு மாத்திக் குடு சாமி" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். அழித்தேன். ஏற்றத்தை இரண்டு தடவை போட்டுக் கொடுத்தேன். டிரைவர் திருப்தியோடு போனார். எட்வினுக்கு இதைச் சொல்லவில்லை.

ஆயுத பூஜை அன்று மைக் செட் எங்களுடையது. காளியண்ணன் முதலாளிக்கு வேண்டியவர் என்பதால் முதலாளியும் வந்திருந்தார், சலவை வேட்டியும் தோளில் சொந்தத் தறித் துண்டுமாக. பட்டறைத் திடலைச் சுற்றிக் கழுவிய லாரிகள், ஒவ்வொன்றின் முகத்திலும் வாழைக்கன்று, சந்தனம், மாலை. பக்கப் பலகை அடிக்காத புது லாரி ஒன்றுதான் மேடை. அதன்மேல் எட்வின், சேலத்திலிருந்து கூட்டிவந்த டிரம்ஸ்காரர், பேஸ் கிடார்காரர். முன்வரிசை இரும்பு நாற்காலியில் கம்பெனி மேனேஜர், மடியில் தோல்பை. திடல் ஓரத்தில் அண்டா அண்டாவாகப் பொரிகடலை, சுண்டல்.

இரண்டு சினிமா மெட்டு வாசித்ததும் "கொண்டை ஊசி போடுங்கண்ணா" என்று கூட்டம் கேட்டது. எட்வின் முகம் மலர்ந்தது. வாசித்தார். கேசட்டில் கேட்டதைவிட நன்றாக இருந்தது, ஏனென்றால் டேப் இழுக்கவில்லை. வளைவுக்கு வளைவு கூட்டம் தலையை ஆட்டியது. எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். கடைசி வளைவு. ஒரே கம்பி, ஒரே சுரம். எட்வின் கண்ணை மூடி அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திடல் முழுவதும் ஒரு மூச்சு இழுத்தது.

"பதிவு, பொங்கியம்மாள் ரெக்கார்டிங், சேலம். அளவு சரி."

அத்தனை பேரும், ஒரே குரலில், முதலாளியின் விறைப்போடு சொன்னார்கள். சொல்லிவிட்டுக் கைதட்டினார்கள், விசிலடித்தார்கள், எழுந்தார்கள். எழுந்து பொரி அண்டாவை நோக்கி நடந்தார்கள். மேடையில் டிரம்ஸ் உள்ளே வந்தது, கிடார் உச்சிக்குப் போனது. யாருக்கு? ஒருவர் மட்டும் மேடைக்கு அருகில் வந்து, அக்கறையோடு, "அண்ணா, முடிஞ்சுபோச்சுங்கண்ணா. அடுத்தது போடுங்க" என்றார். டிரம்ஸ்காரர் பாவம், குழம்பி நிறுத்திவிட்டார். மேனேஜர் தோல்பையின் ஜிப்பை மூடினார். ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் முதலாளியின் முகத்தில் அப்படியொரு பெருமை. தன் சொல்லைத் திடலே சொல்லக் கேட்டவர் அவர்.

எட்வின் டிரம்ஸ்காரரிடம் என்னவோ சொல்லிவிட்டு, முதல் வளைவிலிருந்து மறுபடி தொடங்கினார்.

கூட்டம் திரும்பி வந்து உட்கார்ந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. மிச்ச டேப் அதிகம் இருந்தால் இரண்டு தடவை வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்ததுதான். கையில் பொரியோடு, அதே தலையாட்டலோடு, கடைசி வளைவுவரை வந்தார்கள். எட்வின் அந்தச் சுரத்தில் நின்றார். கூட்டம் மூச்சிழுத்தது. "அளவு சரி" என்று முடிக்கும்வரை எட்வின் பொறுத்திருந்தார். முடித்ததும் மைக்குக்குக் குனிந்து சொன்னார்.

"அளவு சரியில்லீங்க."

கைதட்ட எடுத்த கைகள் அப்படியே நின்றன.

"இன்னும் பாதி இருக்கு. இத்தனை வருசமா உங்களுக்குப் பாதிதான் குடுத்திருக்காங்க."

நவீன மனிதனின் முற்றுப்பெறாத பயணத்தைப் பற்றி அன்று அவர் பேசியிருந்தால் பொரிதான் வென்றிருக்கும். அளவு குறைந்தது என்று சொல்லிவிட்டார். அது வேறு விஷயம். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் ஆம்ப்ளிஃபயர் பக்கம் திரும்பினார்கள்.

"என்னங்க மொதலாளி, நெசமாலுமா?" என்றது ஒரு குரல்.

"பாதியத்தான் குடுத்தீங்களா? அதுக்கா நாங்க டெல்லி வரைக்கும் அளவு சரி, அளவு சரின்னு கத்தீட்டுப் போனோம்?" என்றது இன்னொன்று. சிரிப்பு எழுந்தது. அதில் பாதிதான் சிரிப்பு.

காளியண்ணன் எழுந்து நின்று, "செரி, செரி. மிச்சத்தக் கேட்டுட்டுத்தான் போறது. ஒருத்தரும் எந்திரிக்கப்படாது. நீங்க வாசிங்கண்ணா" என்றார்.

எட்வின் வாசித்தார். இறக்கத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதற்கென்று குழுவில் கட்டுரையாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் எனக்குத் தெரிந்து அந்தத் திடலில் பொரி மெல்லும் சத்தம் நின்றது அந்த ஒரு முறைதான். நடுவில் முதலாளி என் பக்கம் சாய்ந்தார்.

"இது நம்ம கடையில இருந்துதா?"

"இருந்துதுங்க. அந்த ரெக்கார்டுலயே."

"இத்தன நாளு எனக்கேன் சொல்லுல?"

"பையில புடிக்காதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முடியும்வரை மேடையைப் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். முடிவை மட்டும் கேட்டுப் பழகிய மனிதர் முதல் முறையாக ஒரு முடிவுக்குக் காத்திருந்தார்.

மேனேஜர் ஜிப்பைத் திறந்து பேனாவை எடுத்தார். திடல் அசையாமல் உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்தபிறகு அவருக்கும் வேறு வழியில்லை.

அடுத்த வாரம் கடையில் என் பாடு இருக்கிறதே. பழைய கேசட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, "பாக்கிப் பாதியக் குடுங்க" என்று வந்தார்கள். டேப்பில் இடமில்லை என்றால், "என்ற லிஸ்ட்டுல கடைசிப் பாட்ட அழிச்சுட்டுப் போடுங்க, அது எனக்கு என்னமோ அப்பவே புடிக்குல" என்றார்கள். முதலாளி ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. கெஜக்கோலையும் அந்த வாரம் கையில் எடுக்கவில்லை.

இனி வழிகாட்டியின் கடைசிப் பகுதி. 1985இல் எட்வினின் கடைசி ஆல்பம் வந்தது, 'ஆறு மெட்டுகள்', கேசட்டாக. ஆறும் அவருடைய சொந்த மெட்டுகள். ஐந்து புதியவை. நல்லவை. இதைக் கிண்டல் செய்ய என்னிடம் எதுவுமில்லை. ஆறாவது 'கொண்டை ஊசி', புதிதாக வாசித்தது. ஆசையாகப் போட்டுக் கேட்டேன். ஏறியது. கடைசி வளைவு வந்தது. நின்றது. அதன்பிறகு டேப் வெறுமையாக ஓடியது.

கம்பெனி மறுபடியும் வேலையைக் காட்டிவிட்டது என்று நினைத்துக் கேசட்டை எடுத்துக்கொண்டு ஃபேர்லேண்ட்ஸுக்குப் போனேன். எட்வின் வாசலில் கிடாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார்.

"கம்பெனி வெட்டல. நான்தான் நிறுத்தினேன்" என்றார்.

"இதுக்காகவா சார் அந்தப் பாடு பட்டீங்க?"

"நீயும் அங்கதானே இருந்தே? முதல் தடவை நிறுத்தாமத்தான் வாசிச்சேன். பொரிக்குப் போயிட்டாங்க. பாக்கி இருக்குன்னு சொன்னப்பறம்தானே உக்காந்தாங்க. கேசட்டுல அங்கயே நிக்கட்டும். மீதி வேணும்னா நேர்ல வந்து வாங்கிக்கட்டும்." ஒரு கம்பியை முறுக்கி, சுண்டிப் பார்த்தார். "எடம் பாத்துத்தான் வெட்டியிருக்கேன்னு அன்னிக்கே உன்கிட்ட சொன்னேனே."

வந்து வாங்கிக்கொண்டார்கள். தம்மம்பட்டிவரை போய் வாசித்தார். எல்லா ஊரிலும் கடைசி வளைவில் நிறுத்தி, கூட்டம் "அளவு சரி" என்று சொல்லக் காத்திருந்து, "சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டு இறக்கத்தை வாசிப்பார்.

ஆகவே குழுவிலுள்ள இளைஞருக்கு: 'ஆறு மெட்டுகள்' வரைக்கும் நீங்கள் சொன்னது சரி. நிறுத்தியது கலைஞன்தான், வேண்டுமென்றேதான். உங்களைத் திருத்த உட்கார்ந்த நான் இத்தனை பக்கம் எழுதி அதைத்தான் கண்டுபிடித்திருக்கிறேன். 'கோல்டன் ஹிட்ஸ்'இல் கேட்கும் பெருமூச்சை மட்டும் குமாரபாளையத்துக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

முழு 'கொண்டை ஊசி' வேண்டும் என்பவர்கள் எதை வாங்குவது? 'மலைச்சாலை' தட்டு இன்று கிடைக்காது. தொகுப்புகள் மூன்றும் உதவாது. கடைசி ஆல்பத்தின் கம்பெனிக் கேசட்டும் உதவாது. ஃபேர்லேண்ட்ஸிலிருந்து நான் திரும்பியதும் முதலாளி அந்தக் கேசட்டை வாங்கி, வழக்கம்போலக் கடைசிவரை ஓட்டி, முடிவைப் போட்டுக் கேட்டார். வெறும் டேப். கிடார்க்காரர் வேண்டுமென்றுதான் அப்படி விட்டிருக்கிறார் என்று எடுத்துச் சொன்னேன்.

"அது அவரு பாடு சாமி. அவரு மேடையில எப்படி வேணாலும் குடுக்கட்டும். நம்ம கடைய உட்டு வெளிய போற டேப்பு வெறுமனே போகப்படாது" என்றவர், என் பழைய தட்டை எடுத்துவரச் சொல்லி, அந்த ஆல்பத்தைப் பதிவு செய்யக் கேட்டு வருகிற அத்தனை பேருக்கும் மிச்ச டேப்பில் இறக்கத்தைப் போடச் சொன்னார். பிறகு மைக்கின் முன்னால் விறைப்பாக உட்கார்ந்து, மூச்சிழுத்து, தன் வாசகத்தைப் புதிதாகப் பதிவு செய்தார்.

எனவே நாமக்கல் பக்கம் ஏதாவது பழைய லாரியின் டாஷ்போர்டில் அட்டை இல்லாத 'ஆறு மெட்டுகள்' கேசட் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். இரண்டாம் பக்கத்தின் கடைசிக்கு ஓட்டிப் பாருங்கள். கிடார் வளைவில் நிற்கும், பிறகு உச்சிக்குப் போகும், முழுதாக இறங்கி முடியும். முடிந்ததும் அந்தக் குரல் வரும்.

"பதிவு, பொங்கியம்மாள் ரெக்கார்டிங், சேலம். இப்ப அளவு சரி."